பட்டறைப் பக்கம்: பிரேக் பைப்பில் ஒரு டிராக்ஸ்டர்

போன இதழில் 1960களின் அமெரிக்க டிராக் ரேஸ் கார் ஒன்றின் படத்தைப் போட்டு, இதை உலோகத்தில் சின்ன அளவில் கையாலேயே செய்யலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். வவுனியாவிலிருந்து புதுக்குடியிருப்பு வரை கடிதம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: அண்ணை, நான் லேத் பட்டறையில் வேலை பழகுகிறேன். அந்தக் காரைப் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. பிளாஸ்டிக் கிற் வாங்கி ஒட்ட விருப்பமில்லை, எல்லாத்தையும் நானே இரும்பில, பித்தளையில செய்யவேணும். எங்கே தொடங்குவது? எந்த அளவில் செய்வது? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, முதலில் அந்தக் கார் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அளவு தானாக வரும்.

டிராக் ரேஸ் என்பது எங்கள் மாட்டுவண்டிச் சவாரி மாதிரி, வளைவு திருப்பம் ஒன்றும் இல்லாத நேர் ஓட்டம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர். தூரம் கால் மைல், அதாவது 402 மீற்றர். அதை நடத்தும் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. 1951இல் தொடங்கியது. நீங்கள் பார்த்த படம் ஸ்லிங்ஷொட் வகை. சாரதி பின் அச்சுக்கும் பின்னால், இரண்டு பெரிய ரயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார், எஞ்சின் அவருக்கு முன்னால். பாரம் முழுக்க பின் சில்லில் இறங்கினால்தான் சில்லு சுழன்று வீணாகாமல் தரையைப் பிடிக்கும் என்பதற்காக வந்த அமைப்பு அது. 1954இல் மிக்கி தொம்சன் என்ற பந்தயக்காரர் அப்படி ஒன்றைச் செய்து ஓட்டினார். 1970இல் டொன் கார்லிட்ஸ் என்ற பந்தயக்காரர் ஓட்டிய காரின் கியர் பெட்டி கலிபோர்னியாவில் வெடித்து அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. அடுத்த வருடமே அவர் எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் வைத்த காரோடு வந்து வென்று காட்டினார், அதற்குப் பிறகு சில வருடங்களில் ஸ்லிங்ஷொட் இல்லாமலே போயிற்று. ஆக நீங்கள் செய்யப்போவது ஏறக்குறைய 1954க்கும் 1971க்கும் இடையில் ஓடிய ஒரு வண்டி. எந்த வருடத்து வண்டி என்பதை முதலே முடிவு செய்யுங்கள். வருடம் மாறினால் புகைக்குழாய் மாறும், நீளம் மாறும், எல்லாமே மாறும். 1960 அளவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 100 அங்குலத்தைச் சுற்றி இருந்தது, அந்தப் பத்தாண்டின் முடிவில் 200 அங்குலத்தைத் தொட்டது.

இப்போது அளவு. பலரும் 1:24, 1:16 என்று கடையில் விற்கும் கிற்றின் அளவைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் சொல்வது வேறு: உங்களுக்கு என்ன குழாய் கிடைக்கும் என்று பார்த்து அளவை முடிவெடுங்கள். இந்தக் காரில் உடம்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் குழாய்ச் சட்டம்தான் கார். அந்தப் பிரதான குழாய் பெரும்பாலும் ஒன்றரை அங்குல விட்டம். அதை 8ஆல் வகுத்தால் 4.76 மில்லிமீற்றர், அதாவது ஒரு அங்குலத்தில் 16இல் 3 பங்கு. இந்த அளவுக் குழாய் எங்கே இருக்கிறது? கார், வான்களின் பிரேக் பைப் அதே அளவுதான்! ஏ9 வீதியில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கேட்டு வாங்கலாம். ஆகவே 1:8 என்று முடிவு செய்யுங்கள். 150 அங்குல அச்சிடைவெளி உள்ள கார் 1:8இல் 476 மில்லிமீற்றர் வரும், மூக்கும் வாலும் சேர்த்தாலும் ஒரு மேசையில் அடங்கும். இடம் காணாது என்றால் 1:12க்குப் போகலாம், அதற்கு 3.18 மில்லிமீற்றர் குழாய் வேண்டும், அது இங்கே சுலபத்தில் அகப்படாது.

வரைபடம் இல்லாமல் இரும்பைத் தொட வேண்டாம். பக்கவாட்டில் தூர நின்று எடுத்த படம் ஒன்றைத் தேடிப்பிடியுங்கள், கிட்ட நின்று எடுத்த படத்தில் முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு அளவில் விழுந்திருக்கும். அந்தக் காரின் அச்சிடைவெளி தெரிந்தால் படத்தில் அதை அளந்து, வகுத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து எடுக்கலாம். றிம்மை வைத்து அளப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 16 அங்குல றிம் என்றால் ரயர் உட்காரும் இடம்தான் 16 அங்குலம், கண்ணுக்குத் தெரியும் வெளி விளிம்பு அதைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் கூட இருக்கும். இதை மறந்தால் முழுக் காரும் சிறுத்துவிடும். அளவெடுத்த பிறகு 1:8இல் பக்கவாட்டுப் படம், மேலிருந்து பார்க்கும் படம் இரண்டையும் மொடலின் அதே அளவில் கீறி ஒரு தட்டையான பலகையில் ஒட்டுங்கள். குழாயை வெட்ட வெட்ட அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அப்பா நகை வேலை செய்தவர். அவருடைய ஊதுகுழலும் சாமான்களும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. குழாய்ச் சட்டத்தை ஒட்ட வெல்டிங் தெரிந்திருக்க வேண்டுமா? பழைய ரேடியோ அன்ரெனாவைப் பாவிக்கலாமா? (வாசகி, மல்லாவி)

பதில்: தங்கச்சி, இந்த வேலைக்கு உங்கள் வீட்டில் இருப்பதைவிட நல்ல சாமான் ஒரு கராஜிலும் இருக்காது. வெல்டிங் வேண்டாம். 5 மில்லிமீற்றர்கூட இல்லாத குழாயில் ஆர்க் வெல்டிங் வைத்தால் குழாய் உருகி ஓட்டையாகும். அப்பா நகையை எப்படிப் பற்றவைத்தாரோ அதே வெள்ளிப் பற்றுத்தான் இதற்கும். பற்று ஏறக்குறைய 650 முதல் 750 பாகைக்குள் உருகும், பித்தளை உருக 900க்கு மேல் வேண்டும், அந்த இடைவெளிதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

முறையைச் சொல்கிறேன். ஒரு குழாய் இன்னொரு குழாயில் முட்டும் இடத்தில், முட்டும் குழாயின் நுனியை வட்ட அரத்தால் குடைந்து, மற்றதன் வளைவில் இடைவெளியே இல்லாமல் உட்காரும்படி செய்யுங்கள். வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தால் கீற்று ஒளிகூட வரக்கூடாது. இதில்தான் முழு நேரமும் போகும், போகட்டும். பற்று இடைவெளியை நிரப்பாது, ஒட்டியிருக்கும் இரண்டு முகங்களுக்கு இடையில் தானே இழுபட்டு ஓடும், அவ்வளவுதான். உண்மையான காரைச் செய்தவர்களும் குரோமொலி உருக்குக் குழாயை இப்படித்தான் அரத்தால் குடைந்து பொருத்தினார்கள். மூட்டு வடிவாக இருந்தால் உங்கள் மொடலைப் பார்க்கிறவர் தூரத்திலேயே நின்றுவிடுவார், குரோம் மினுக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெண்காரத்தைத் தண்ணீர்விட்டுக் கல்லில் உரைத்துக் குழம்பாக்கி மூட்டில் பூசுங்கள். மரப்பலகையில் வைத்துச் சூடாக்க முடியாது, வரைபடத்தை ஒரு செங்கல்லின் முகத்தில் கீறி, ஆணி வைத்து, மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டிப் பிடியுங்கள். நிழலில் இருந்து வேலை செய்யுங்கள், வெயிலில் உலோகத்தின் நிறம் தெரியாது. பித்தளை மங்கிய சிவப்புக்கு வரும்போது பற்று மின்னிக்கொண்டு ஓடும், அந்த நொடியே நெருப்பை எடுத்துவிட வேண்டும். ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இல்லாவிட்டால் சட்டம் முறுகும், முறுகிய சட்டத்தில் நான்கு சில்லும் தரையில் படாது, பிறகு திருத்தவும் முடியாது. எல்லாம் ஆறிய பிறகு இரும்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, அப்புறம் புளித்தண்ணியில் போடுங்கள். கம்பியோடு போட்டால் பித்தளை மேல் செம்பு படிந்து சிவந்துவிடும். கடைசியில் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள்.

பெரிய மூட்டுகளை வெள்ளிப் பற்றாலும், பிறகு வரும் சின்னச் சின்னத் தாங்கிகளைச் சாதாரண ஈயத்தாலும் வையுங்கள். ஈயம் 190 பாகையளவில் உருகும், முன்பு வைத்த மூட்டு அசையாது. முறை மாறினால் ஈயம் பித்தளையைத் தின்றுவிடும், ஈயம் பட்ட இடத்தில் வெள்ளிப் பற்றுச் சூடு வைக்கவே கூடாது.

அன்ரெனா நல்ல யோசனை. ஒன்றுக்குள் ஒன்று போகும் பல அளவுக் குழாய் ஒரே சாமானில் கிடைக்கிறது. காந்தம் பிடித்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை. மேலே உள்ள மினுக்குப் பூச்சில் பற்று ஒட்டாது, ஒட்டும் இடத்தில் அதை நீரில் நனைத்த மணற்தாளால் முழுக்க எடுத்துவிட வேண்டும். இன்னும் மெல்லிய குறுக்குக் குழாய்க்குக் குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் வெட்டி எறியும் மெல்லிய செம்புக் குழாய் 2 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதைவிட மெல்லியது வேண்டுமென்றால் மருந்துக்கடையில் புதிய ஊசி வாங்கலாம். 18 இலக்க ஊசி வெளியளவு 1.27 மில்லிமீற்றர், 21 இலக்கம் 0.82. புதியது மட்டும், பாவித்ததைத் தொட வேண்டாம்.

கேள்வி: எங்கள் காணியைத் துப்புரவாக்கும்போது பித்தளைக் கோதுகள் வெளிவந்தன. நல்ல தடிப்பான பித்தளை. இதற்குப் பாவிக்கலாமா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: கூடாது. தொடவும் வேண்டாம், தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். வெறுங்கோது என்று நினைத்ததில் என்ன மிச்சம் இருக்கிறது என்று வெளியில் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, அதை நெருப்பில் காட்டுவதையும் லேத்தில் பிடிப்பதையும் நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, பிள்ளைகளை விலக்கிவிட்டு 119க்கு எடுத்துப் பொலிசாரிடம் சொல்லுங்கள், அல்லது அங்கே வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களிடம் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் இப்படியான பித்தளை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பித்தளைக்கு வேறு வழி எவ்வளவோ உண்டு. உடைந்த தண்ணீர்க் குழாயின் திருகு, பழைய வால்வின் தண்டு, கதவுப் பிணைச்சல், கால் உடைந்த குத்துவிளக்கு. 1:8 காருக்கு உங்களுக்குத் தேவைப்படும் கட்டிப் பித்தளை ஒரு கைப்பிடிகூட இல்லை.

கேள்வி: எஞ்சினை எப்படிச் செய்வது? படத்தில் பார்த்தால் ஒரே குழப்பமாக இருக்கிறது. ரேடியேற்றர் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. (வாசகர், வவுனியா)

பதில்: ரேடியேற்றர் இல்லை, அதனால்தான் உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை! சில நொடி ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. டைனமோவும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை, அந்தக் காலத்தில் பின்னால் இன்னொரு வண்டி தள்ளித்தான் எஞ்சினை எழுப்புவார்கள். ஆகவே காரின் பின்பக்கம் தள்ளுவதற்கு ஒரு குழாய்த் தாங்கி வையுங்கள். முன்சில்லில் பிரேக் இல்லை. பின்னால் பரசூட் பை உண்டு.

பெரும்பாலானவர்கள் வைத்தது கிறைஸ்லர் கம்பனியின் ஹெமி என்ற எஞ்சின், அதிலும் 1957, 58இல் வந்த 392 கன அங்குல எஞ்சின், 6.4 லீற்றர். வி வடிவில் எட்டு சிலிண்டர். இதை அடையாளம் காட்டுவது மேல்மூடி. அகலமான மூடி, அதன் நடுவில் நேர்வரிசையாக நான்கு குழி, பிளக் வயர்கள் அந்தக் குழிகளுக்குள் இறங்கும். மற்ற எஞ்சின்களில் பிளக் பக்கவாட்டில் இருக்கும். இந்தக் குழிகள் ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் வராவிட்டால் அந்த எஞ்சினை ஹெமி என்று யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் மூடியை அலுமினியக் கட்டியில் முதலே ஓட்டை துளைத்துவிட்டு அப்புறம் வெளி வடிவத்தை அராவுங்கள். வெளி வடிவம் முடித்த பிறகு துளைத்தால் துளையூசி வழுக்கும்.

எஞ்சினின் அடிப்பகுதியை ஒரே கட்டியில் குடையத் தேவையில்லை. நடுக்கட்டி, இரண்டு ஹெட், எண்ணெய்த் தட்டு என்று தனித்தனியாகச் செய்து உள்ளிருந்து திருகாணி போட்டு இறுக்குங்கள். ஒன்று பிழைத்தால் அதை மட்டும் மாற்றலாம்.

மேலே குந்தியிருக்கும் பெரிய பெட்டிதான் புளோவர். அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெனரல் மோட்டர்ஸ் 1938இல் கொண்டுவந்த 71 வரிசை டீசல் எஞ்சின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், காற்றை உள்ளே ஊதித் தள்ளாவிட்டால் அது மூச்சே விடாது, அதற்காக வைத்த ஊதி அது. 6-71 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். பஸ்ஸிலும் லொறியிலும் கிடந்த அந்த ஊதியைப் பழைய சாமானாக வாங்கி, பந்தயக்காரர் தங்கள் எஞ்சினுக்கு மேல் பூட்டிக்கொண்டார்கள். நீளம் சுமார் 15 அங்குலம், 1:8இல் 48 மில்லிமீற்றர் என்று எடுங்கள். பக்கங்களில் வரிவரியாக விளிம்பு உண்டு, அதை லேத்தில் செய்ய முடியாது, வாளும் தட்டை அரமும் கொண்டு பொறுமையாக இறக்க வேண்டும். புளோவருக்கு மேல் ஹில்போர்ன் என்ற கம்பனியின் நான்கு வாய் கொண்ட காற்றுவாய். உள்ளே வண்ணத்துப்பூச்சி வால்வுத் தகடு நான்கையும் ஒரே தண்டில் வைத்து அசையும்படி செய்தால் சாரதியின் கால்மிதி வரை கம்பியால் இணைக்கலாம், செய்து பாருங்கள், ஆசை தீராது.

முன்னால் ஓடும் பல் பெல்ற்றுக்குப் பழைய ஸ்கானர், பிரிண்டர் ஒன்றைக் கழற்றுங்கள். அதில் பல் இடைவெளி பெரும்பாலும் 2 மில்லிமீற்றர். உண்மையான அரை அங்குலப் பல் 1:8இல் 1.6 வரவேண்டும், கொஞ்சம் பருமன்தான், ஆனாலும் ரப்பரை வெட்டிச் செய்வதைவிட எவ்வளவோ மேல். பிளக் வயருக்கு கணினி வலையமைப்பு கேபிளை உரித்தால் எட்டு மெல்லிய வயர் வரும், தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட, எட்டு சிலிண்டருக்கும் எட்டு. அதை, பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் மக்னீற்றோவிலிருந்து எடுக்கும்போது 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் எடுங்கள். சாரதி இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7, வலப்பக்கம் 2, 4, 6, 8. இதை யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்று விடாதீர்கள், எண்ணிப் பார்க்கிறவர் ஒருவர் கட்டாயம் வருவார்.

புகைக்குழாய்: 60களின் தொடக்கம் வரை பின்னோக்கிக் கீழே சாய்ந்திருக்கும், 60களின் நடுவிலிருந்து மேல்நோக்கி வளைந்து நிற்கும். செம்புக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு நுனியையும் அடைத்து வளையுங்கள். மணல் நிரப்பிய பிறகு நெருப்பில் காட்டாதீர்கள், ஈரம் இருந்தால் வெடிக்கும்.

கேள்வி: பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டியவன். துளி பெற்றோல் விட்டு எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். இந்தப் பந்தயக் கார்கள் எதில் ஓடின? (வாசகர், மாங்குளம்)

பதில்: ஐயா, உங்களைப் போன்றவர்கள் எரிபொருளைப் பற்றிக் கேட்கும்போது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. நைற்றோமீதேன் என்ற திரவத்தில் ஓடின. அது தனக்கு வேண்டிய ஒட்சிசனில் ஒரு பங்கைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பெற்றோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இதற்கு 1.7 கிலோ போதும். உள்ளே போகும் அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளை ஊற்றலாம், பலம் இரண்டு மடங்குக்கும் மேல் வரும். 1957இல் என்.எச்.ஆர்.ஏ. அதைத் தடைகூடச் செய்தது, பெற்றோல்தான் விடவேண்டும் என்றார்கள், 60களின் முதல் பாதியில் திரும்ப அனுமதித்தார்கள். 1964இல் கார்லிட்ஸ் மணிக்கு 200 மைலைத் தாண்டினார், அதாவது 320 கிலோமீற்றருக்கு மேல்.

மொடல் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அவ்வளவு எரிபொருள் போவதால் குழாய்கள் சாதாரணக் காரில் இருப்பதைவிடத் தடிப்பு. நூல் மாதிரி மெல்லிய வயரை எரிபொருள் குழாய் என்று ஒட்டிவிட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே குத்தும்.

உங்கள் மொறிஸ் மைனரையும் ஒருவர் 1:8இல் செய்ய வேண்டும், ஐயா. அந்த மண்ணெண்ணெய்த் தாங்கி, மாற்றும் திருகு எங்கே இருந்தது, பெற்றோல் விட்ட போத்தல் எங்கே தொங்கியது என்று ஒரு படம் கீறி அனுப்புங்கள், கட்டாயம் இந்தப் பக்கத்தில் போடுவேன். படம் கீற வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

கேள்வி: ரயருக்கு என்ன செய்வது? (வாசகர், பரந்தன்)

பதில்: பின் ரயரில் பூவே இல்லை, வழுவழுப்பான ரப்பர், அதனால் பாதி வேலை மிச்சம். விட்டம் 30 அங்குலம் என்று எடுத்தால் 1:8இல் 95 மில்லிமீற்றர். தடித்த கறுப்பு ரப்பர் தகட்டை வட்டமாக வெட்டி, செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கும் பசையால் அடுக்கி ஒட்டி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கி லேத்தில் சுழற்றுங்கள். உளி வைத்தால் ரப்பர் பிடிபட்டுப் பிய்யும். கரடான மணற்தாளை ஒரு பலகையில் ஒட்டி அதனால் தேய்த்து வடிவம் எடுங்கள். முகக்கவசம் போடுங்கள், தூள் மோசம். முன்சில்லு மெல்லியது, கம்பிச் சில்லு, கிற்றார் கம்பி 0.4 மில்லிமீற்றர் அளவில் சரியாக வரும்.

கேள்வி: மூக்குப் பகுதித் தகட்டை எப்படி வளைப்பது? என்ன நிறம் அடிக்கலாம்? (வாசகர், நெடுங்கேணி)

பதில்: அச்சகங்களில் பாவித்து எறியும் அலுமினியத் தகடு கேளுங்கள், 0.3 மில்லிமீற்றர் அளவில் மெல்லியது, கையாலேயே வளையும். கூட்டு வளைவு உள்ள மூக்குக்கு அரை மில்லிமீற்றர் தகடு வேண்டும். தச்சு வேலைத்தலத்தில் மிஞ்சும் பாலை அல்லது முதிரைத் துண்டில் மூக்கின் வடிவத்தைச் செதுக்குங்கள், அவை வைரமான மரம், அடி தாங்கும். தகட்டில் சவர்க்காரத்தைத் தடவி அடியில் மெதுவாகச் சூடு காட்டுங்கள், சவர்க்காரம் கறுத்ததும் நிறுத்திவிடுங்கள், அலுமினியம் இளகியிருக்கும். அதற்கு மேல் ஒரு கணம் கூடினாலும் உருகி விழும், அது சிவந்து காட்டி எச்சரிக்காது. மரச்சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டு வாருங்கள், இறுகிவிட்டது என்று கைக்குத் தெரிந்தால் திரும்பச் சூடாக்குங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் அலுமினியத்தின் மேல் நேரே பெயின்ற் நிற்காது, முதலில் உலோகத்துக்கான அடிப்பூச்சு. சட்டத்துக்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள், தடிப்பாக அடித்தால் அவ்வளவு பாடுபட்டுக் குடைந்த மூட்டுகள் பெயின்ற்றுக்குள் மூடுண்டு போகும். மூடாமல் பிராசோ போட்டு மினுக்கிவிட்ட பித்தளைச் சட்டம் ஒன்றையும் யாராவது செய்து படம் அனுப்பினால் எனக்குச் சந்தோஷம்.